ரண சிகிச்சையும் குதிரையேற்றமும்



வயிற்றைக் கீறிச் செய்யும் பெரிய ரண சிகிச்சைக்கு ஆளான ஒருவர், புண் ஆறித் தையல் பிரித்து வீட்டுக்குப் புறப்படும் தறுவாயில் வைத்தியரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. என்ன சாப்பிடலாம், எப்போது தலைக்குக் குளிக்கலாம், எப்போது உத்தியோகத்துக்குப் போகலாம் என்பவற்றுக்கெல்லாம் வைத்தியரிடம் விடை தயாராக இருக்கும். ஆனால் குதிரையேறிப் பழகிய ஒருவர், 'மறுபடியும் நான் எப்போது குதிரை ஏறலாம்?' என்று கேட்டுவிட்டால், அந்த வைத்தியர் சற்றுத் தயங்குவார். தயங்கிவிட்டு, ஏதோ ஒரு வாரக் கணக்கைச் சொல்லி அனுப்பிவைப்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கத்தி பிடிக்கும் வைத்தியர்களுள் கடிவாளம் பிடித்தவர்கள் அபூர்வம்; கடிவாளம் பிடிக்கக் கற்பிக்கும் ஆசான்களுள் வயிற்றுச் சுவர் எத்தனை அடுக்குகளால் ஆனது என்று அறிந்தவர்கள் அதைவிட அபூர்வம். இரண்டிலும் சிறிது பழக்கமுள்ளவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, இன்று இந்த விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்திருக்கிறேன்.

இது ஏதோ சில சீமான்களுக்கு மட்டும் உரிய விசாரம் என்று நீங்கள் நினைக்கக் கூடும். அப்படியன்று. வயிற்று ரண சிகிச்சையின் சரித்திரத்திலேயே முதற்பக்கத்தில் நிற்கும் நோயாளி ஒரு குதிரையின்மேல் வந்து, அதே விதமாகத் திரும்பிப் போனவர். அவர் பெயர் ஜேன் டாட் கிராஃபோர்டு. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்னும் ஊருக்கு அருகே, காடு திருத்திக் குடியேறிய குடும்பம் ஒன்றின் தலைவி, வயது 46, பிள்ளைகள் பெற்றவர். 1809ஆம் ஆண்டில் அவருடைய வயிறு பெருத்துக்கொண்டே போயிற்று. இரட்டைக் குழந்தைகள் என்றும், பிரசவ காலம் கடந்துவிட்டது என்றும் உள்ளூர் வைத்தியர்கள் கருதி, டான்வில் நகரத்திலிருந்த எஃப்ரேம் மக்டவல் என்பவரை வரவழைத்தார்கள். மக்டவல் எடின்பரோ நகருக்குக் கப்பலேறிச் சென்று படித்துவந்தவர். குடியேற்ற எல்லைப்புறத்தில் தொழில் நடத்தியவர். டிசம்பர் 13ஆம் தேதி அவர் வந்து பரிசோதித்து, கருப்பையில் குழந்தை இல்லை என்றும், சினைப்பையில் வளர்ந்த பெருங்கட்டியே வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும் கண்டார். கண்டதை அந்த அம்மையாரிடம் மறைக்கவும் இல்லை. இத்தகைய கட்டியை வெட்டி எடுத்து ஒருவர் பிழைத்ததாகத் தாம் கேள்விப்பட்டதே இல்லை. எனினும் டான்விலுக்கு வந்து சேர்ந்தால் தாம் முயன்று பார்ப்பதாகச் சொன்னார்.

கிரீன்ஸ்பர்க் பகுதியிலிருந்து டான்வில் அறுபது மைல். மார்கழிக் குளிர்; காட்டுப் பாதை; ரயிலுமில்லை, தக்க வண்டிப் பாதையுமில்லை. அந்த அம்மையார் குதிரையில் ஏறி உட்கார்ந்தார். கட்டியோ, பின்னால் எடைபோட்டபோது இருபத்திரண்டரை ராத்தல், அதாவது பத்துக் கிலோவுக்குமேல் இருந்தது. பெண்கள் ஒருபக்கமாக அமர்ந்து ஏறிய அக்காலத்தில், சேணத்தின் முன்புறம் கொம்புபோல் நீண்டிருக்கும் பகுதியின்மேல் அந்தப் பாரத்தைத் தாங்கவைத்துக்கொண்டு வழியெல்லாம் வந்தார். சேணத்தில் உராய்ந்து உராய்ந்து வயிற்றின் தோலும் தசையும் கன்றிப்போயிருந்ததை மக்டவலே தம் அறிக்கையில் குறித்திருக்கிறார். வைத்திய சரித்திரம் எழுதுவோர் இந்தப் பிரயாணத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கத்தியின் மகிமைக்குப் போய்விடுகிறார்கள். குதிரையேறிப் பழகியவனுக்கு அவ்வளவு எளிதில் இந்த இடத்தைக் கடந்துபோக முடிவதில்லை. நடையாகச் செல்லும் குதிரை ஒரு மணிக்கு நான்கு மைல் செல்லும் என்று வைத்துக்கொண்டால், சேணத்தின்மேல் மட்டும் பதினைந்து மணி நேரம்; இடையிடையே இறங்கி மறுபடி ஏறவும் வேண்டும்.

கிறிஸ்துமஸ் தினத்தன்று, மக்டவலின் சொந்த வீட்டில் சிகிச்சை நடந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அமெரிக்காவில் மயக்க மருந்து அப்போது வழக்கில் இல்லை. பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து முதன்முதலில் பகிரங்கமாக ரண சிகிச்சை செய்தது 1846இல்தான். கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் திராவகத்தை ரண வைத்தியர் லிஸ்டர் உலகுக்கு அறிவித்தது 1867இல். இவை இரண்டும் இல்லாத காலத்தில், வயிற்றின் இடப்பக்கத்தில், நடுவிலுள்ள நெடுந்தசையைவிட்டு மூன்று அங்குலம் தள்ளி, அதன் நார்கள் ஓடும் திசையிலேயே ஒன்பது அங்குல நீளம் மக்டவல் கீறினார். கீறியவுடன் குடல்கள் சரிந்து மேசைமேல் வந்து விழுந்தன. சிகிச்சை முடியும்வரை அவற்றை உள்ளே தள்ள இயலவில்லை. கட்டி முழுதாக வெளிவர மறுத்ததால், அதன் காம்பை உறுதியான நூலால் கட்டிவிட்டு, கட்டியைத் திறந்து உள்ளேயிருந்த கூழ்போன்ற பொருளைப் பதினைந்து ராத்தல் வெளியேற்றினார். பிறகு ஏழரை ராத்தல் பையை அறுத்து எடுத்தார். எல்லாம் சுமார் இருபத்தைந்து நிமிஷம். அவ்வளவு நேரமும் அந்த அம்மையார் பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறார்கள். வெளியே ஜனக்கூட்டம் ஒன்று, நோயாளி இறந்தால் வைத்தியரைத் தூக்கிலிடக் கயிற்றோடு காத்திருந்தது என்றும் ஒரு கதை உண்டு. மக்டவலின் அறிக்கையில் அதற்கு இடமில்லை. நானும் அதை நம்பவில்லை. நடந்ததே போதுமான அளவு பயங்கரமாக இருக்கும்போது கயிறு எதற்கு?

ஐந்தாம் நாள் மக்டவல் அறைக்குள் போய்ப் பார்த்தால், நோயாளி எழுந்து நின்று தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருக்கிறார்! இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று அவர் எச்சரித்தார். இருபத்தைந்து நாள் கழித்து, வந்தவிதமாகவே, நல்ல தேகநிலையில் வீடு திரும்பினார் என்று எழுதியிருக்கிறார். வந்தவிதமாக என்றால் குதிரையில். அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்து, 1842இல் இந்தியானா மாநிலத்தில் காலமானார். அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் 1830இலேயே இறந்துவிட்டார்.

மக்டவல் இதை உடனே பறைசாற்றிக்கொள்ளவில்லை. மூன்று நோயாளிகளின் வரலாறு சேர்ந்தபிறகே 1817இல் பிலடெல்பியாவில் வெளிவந்த வைத்தியப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். லண்டன் பத்திராசிரியர் ஒருவர் அதைப் படித்து ஏளனம் செய்தார். மேலும் சான்றுகள் வந்தபின் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அந்த அறிக்கையில் வரும் மற்ற இருவரும் கறுப்பினப் பெண்கள். அடிமைமுறை நிலவிய மாநிலம் அது. முதல் நோயாளியின் பெயரை நாம் அறிவோம். நெடுஞ்சாலைக்குக்கூட அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மற்ற இருவரின் பெயரை அறிக்கை சொல்லவில்லை. அவர்கள் எப்படி வந்தார்கள், எப்படித் திரும்பினார்கள், திரும்பியதும் எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையெல்லாம் எழுதிவைக்க அந்தச் சமுதாயத்துக்குத் தோன்றவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். 'ஜேன் கிராஃபோர்டு மயக்க மருந்துகூட இல்லாமல் இருபத்தைந்து நாளில் குதிரை ஏறினார். நான் ஏன் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்?' என்று ஒரு நோயாளி கேட்டால் என்ன விடை சொல்வது? அந்த அம்மையாரின் வீரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இருபத்தைந்து என்ற எண்ணை நமக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வது தவறு என்பதே என் அபிப்பிராயம். ஏன் என்பதைச் சரீர சாஸ்திரத்தைக் கொண்டும், குதிரைச் சாஸ்திரத்தைக் கொண்டும் சொல்கிறேன்.

வெட்டுண்ட தோல் பத்து நாளில் ஒட்டிக்கொள்கிறது. மேலே பார்ப்பவன் கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் குடலை உள்ளே நிறுத்திவைப்பது தோல் அன்று. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே வெண்மையாக, பட்டையாக, தசைகளைப் போர்த்தியும் இணைத்தும் நிற்கிற உறுதியான சவ்வு. அது ஆறுவதற்குத் தன் சொந்தக் காலத்தை எடுத்துக்கொள்ளும். காயங்கள் வலுப்பெறும் வேகத்தை ஆராய்ந்தவர்கள் தரும் பொதுவான கணக்கு இது: முதல் வாரத்தில் பழைய வலிமையில் மிகச் சிறு பங்கு, மூன்றாம் வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பழைய முழு வலிமை ஒருபோதும் வருவதில்லை. ஆகவே ஜேன் கிராஃபோர்டு டான்வில்லிலிருந்து புறப்பட்ட காலையில், ஒன்பது அங்குல நீளமுள்ள அந்த வடு, ஐந்தில் ஒரு பங்கு வலிமையைச் சற்றே தாண்டியிருக்கும். பத்துக் கிலோ பாரம் திடீரென்று நீங்கிய வயிற்றுச் சுவரோ தளர்ந்து தொங்கியிருக்கும். அவர் நலமாக வீடு சேர்ந்தது அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். அவ்வளவோடு நிறுத்தாமல், கீறல் நடுவிலுள்ள நெடுந்தசையை வெட்டாமல் விலகிச் சென்றதையும், கட்டிய நூலின் முனையைக் காயத்தின் அடியில் வெளியே விட்டுவைத்ததால் உள்ளே தேங்கியது வடிய வழி இருந்ததையும், ஆஸ்பத்திரியின் அழுக்குக் கைகள் படாமல் ஒரு வீட்டறையில் கிடந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும்: அவர் எந்தக் கதியில் திரும்பினார் என்பது. குதிரையின் கதி ஐந்து என்றும், சாரி பதினெட்டு என்றும் வகுத்துவைத்தவர்கள் நம் முன்னோர். எல்லாக் கதியையும் 'சவாரி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம் நாம். நடையில் குதிரை நான்கு குளம்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றுகிறது. எந்தக் கணத்திலும் அதன் உடல் நிலத்தைவிட்டு எழும்புவதில்லை; ஏறியிருப்பவரின் இடுப்பு, தாமே நடந்து செல்லும்போது எப்படி அசையுமோ ஏறக்குறைய அப்படியே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைகிறது. துள்ளோட்டம் வேறு. அதில் குறுக்குக்குறுக்கான இரண்டு கால்கள் ஒருமித்து ஊன்றி, இடையில் நான்கு காலும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அடிக்கொரு தடவை சவாரிக்காரன் மேலே எறியப்படுகிறான். எறியப்படாமல் தன்னைப் பிடித்துக்கொள்வதற்கு அவனுடைய வயிற்றுத் தசைகள் அடிக்கொரு தடவை இறுகுகின்றன. தொடையால் குதிரையைக் கவ்விப் பிடிக்கிறோம் என்று புதிதாகக் கற்பவர்கள் நினைப்பார்கள். கவ்விப் பிடிப்பவன் விழுவான்; நிலைநிறுத்துவது வயிறும் இடுப்பும் முதுகுந்தான். ஜேன் கிராஃபோர்டு அந்தத் தை மாதப் பாதையில் நடையைத் தவிர வேறு கதியில் சென்றிருப்பார் என்று நான் எண்ணவில்லை. விளையாட்டுக்காகவும் அவர் ஏறவில்லை. வீடு அறுபது மைலுக்கு அப்பால் இருந்தது. அதற்குக் குதிரையைத் தவிர வேறு சாதனம் இல்லை. நமக்கு மோட்டார் வண்டி இருக்கிறது.

ஆனால் அவருடைய வரலாற்றில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது அந்த ஐந்தாம் நாள் காலை. அவருக்குப்பின் நூறாண்டுக்கு மேலாக, வயிற்று ரண சிகிச்சை ஆனவர்களை இரண்டு மூன்று வாரம் அசையாமல் படுக்கவைப்பதே உத்தம சிகிச்சை என்று வைத்திய உலகம் கருதியிருந்தது. கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்கு ஏறி, புண் ஆறிய நோயாளிகள் திடீரென்று இறந்தார்கள். 1899இலேயே சிகாகோவில் எமில் ரீஸ் என்ற வைத்தியர், நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிடுங்கள் என்று எழுதினார். காது கொடுத்தவர் சிலரே. 1940களில் லைத்தாவுசர் போன்ற வைத்தியர்கள் விடாப்பிடியாகச் சொல்லி, யுத்தகாலத்து ஆஸ்பத்திரிகளில் படுக்கைப் பஞ்சமும் சேர்ந்துகொண்ட பிறகே அந்த வழக்கம் மாறிற்று. கெண்டக்கிச் சம்சாரி ஒருத்திக்குத் தன் படுக்கை கலைந்து கிடப்பது பொறுக்கவில்லை; அதனால் எழுந்தாள்; அதனால் ஒருவேளை பிழைத்தாள். எழுந்து நடப்பது சீக்கிரம் வேண்டும். குதிரை ஏறுவது தாமதமாக வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான சங்கடங்கள் விளைகின்றன.

குதிரைகளுக்கும் வயிற்றில் ரண சிகிச்சை செய்கிறார்கள் என்பதை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். குதிரையின் பெருங்குடல் நீளமானது, பருமனானது. உள்ளே தளர்வாகவே கட்டப்பட்டிருப்பதால் சில சமயம் முறுக்கிக்கொள்ளும். சூலைநோய் கண்டு தரையில் புரளும் குதிரையை மயக்கி, மல்லாத்திக் கிடத்தி, அடிவயிற்றின் நடுக்கோட்டைத் திறந்து குடலை நேர்செய்து தைக்கிறார்கள். எழுந்து நின்றவுடன் முழுக் குடலின் பாரமும் அந்தத் தையலின்மேலேயே தொங்குகிறது. ஆகையால் முதல் மாதம் லாயத்தில் அடைத்து, கையில் பிடித்து மெல்ல நடத்தி, சிறிது புல் மேயவிடுவார்கள்; இரண்டாம் மாதம் சிறிய அடைப்பில் விடுவார்கள்; மூன்றாம் மாதம் சற்றுப் பெரிய வெளியில் விடுவார்கள்; அதன்பிறகே முதுகில் சேணம் வைப்பார்கள். இந்த முறையைக் குதிரைச் சொந்தக்காரர்கள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள். ஒரு நாள் முன்னதாகச் சேணம் வைக்கலாமா என்று கேட்கக்கூட அஞ்சுவார்கள். அதே மனிதருக்கு வயிற்றைத் திறந்து தைத்தால் ஆறாவது வாரம் லாயத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்! குதிரையின்மேல் வைத்த கருணையைத் தம்மேல் வைக்க மறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வைராக்கியம் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே காலவரம்பு சொல்ல முடியாது. சிறு துளைகளின் வழியே கருவி நுழைத்துச் செய்யும் இக்காலச் சிகிச்சையில் சவ்வு அறுபடும் நீளம் குறைவு. நடுவயிற்றை நீளமாகத் திறந்த சிகிச்சையில் அதிகம். புண் சீழ்பிடித்தவர்கள், சர்க்கரை வியாதியுள்ளவர்கள், வலை வைத்துத் தைக்கப்பட்டவர்கள், வயிற்றில் மலத்துக்கு மாற்றுவழி அமைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. அதைக் கத்தி பிடித்தவரே சொல்ல வேண்டும். அவர் தெளிவாகச் சொல்வதற்கு, 'குதிரை ஏறலாமா?' என்று மொட்டையாகக் கேட்காமல், ஏறுவதிலும் இறங்குவதிலும் விழுவதிலும் உடல் என்ன பாடு படுகிறது என்பதை நோயாளி அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சவாரியைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளே வயிற்றுக்குப் பகை என்பதை அனுபவமில்லாதவர்கள் அறியமாட்டார்கள். அமெரிக்க மாட்டுக்காரர்கள் வைக்கும் சேணம் பதினைந்து கிலோகூட இருக்கும். அதை மார்பளவு உயரத்துக்குத் தூக்கி, உடம்பைத் திருப்பி, குதிரை மிரளாதபடி மெல்ல இறக்க வேண்டும். பிறகு வயிற்றுவாரை இறுக்குவது. அனுபவசாலியான குதிரை, வாரை இழுக்கும்போது மார்பை உப்பிக்கொள்ளும். ஒரு கையால் மடலைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் வாரை மேல்நோக்கி இழுத்து, இன்னும் ஒரு துளை ஏறுமா என்று பார்க்க வேண்டும். நாலடி நடத்திவிட்டு, அது மூச்சு விட்ட சமயம் பார்த்து மறுபடியும் இழுக்க வேண்டும். அந்த இழுப்பு தோளில் தொடங்கி நேராகக் கீறலில் போய் முடிகிறது. தண்ணீர் வாளியும் வைக்கோற் கட்டும் இதே வகை. முதல் சில மாதங்களுக்கு இவையெல்லாம் குதிரைக்காரருடைய வேலை. சவாரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சிலருக்குச் சிகிச்சையைவிடக் கடினமாக இருக்கிறது.

ஏறுவதற்குத் தரையிலிருந்து இடக்காலை அங்கவடியில் வைத்துத் துள்ளக் கூடாது. உடல் முழுவதும் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு மேலேறும் அந்த ஒரு விநாடியில் வயிற்றுச் சுவர் படும் இழுப்பு, அரை மணி நேர நடைச் சவாரியில்கூட இராது. படிக்கட்டுப்போன்ற மேடை ஒன்று வேண்டும். குதிரையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலற்றுப்போன டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்டல் அம்மையார், பிறர் துணையின்றி ஏறவோ இறங்கவோ இயலாத நிலையில், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப்பதக்கம் பெற்றார். ஏற்றிவிடப்பட்டவர் சவாரிக்காரர் அல்லர் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் ஏறும் குதிரை தன் சொந்தக் குதிரையாக இருக்க வேண்டியதில்லை. இருக்கவும் கூடாது என்பேன். பல மாதம் சும்மா நின்ற சொந்தக் குதிரை, எஜமானரைக் கண்ட உற்சாகத்தில் ஒரு துள்ளுத் துள்ளினால் போதும். கற்றுக்குட்டிகளைச் சுமந்து சுமந்து உலகத்தில் எதற்கும் வியப்படையாத கிழட்டுக் குதிரை ஒன்று ஒவ்வொரு லாயத்திலும் இருக்கும், அதுவே தக்கது. இருமினால் வலியில்லை, தும்மினால் வயிற்றைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டியதில்லை, அரை மணி நேரம் வேகமாக நடந்தால் இழுப்பு இல்லை, ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்க முடிகிறது என்ற நிலை வந்த பிறகே அதன்மேலும் ஏற வேண்டும். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஏறுபவர், உடல் தமக்கு அனுப்பும் ஒரே தந்தியை வாசலிலேயே திருப்பியனுப்புகிறார். நடையில் கால் மணி நேரம், மறுநாள் ஓய்வு, வடுவின் ஓரத்தில் இருமும்போது ஏதேனும் புடைத்து எழுகிறதா என்று கை வைத்துப் பார்த்தல், அப்படிச் சில வாரங்கள் சென்றபின் துள்ளோட்டம். தாண்டுவதைப் பற்றி அந்த வருஷம் பேசாமலிருப்பது நலம்.

இறங்குவதைப் பற்றி யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. கால் மணி நேரம் நன்றாகச் சென்றுவிட்ட களிப்பில், பழைய வழக்கப்படி இரண்டு அங்கவடியையும் உதறிவிட்டுச் சேணத்தின்மேல் வயிற்றை வைத்துச் சரிந்து, ஐந்தடி உயரத்திலிருந்து தொப்பென்று தரையில் குதிப்பவர்கள் உண்டு. அன்று முழுதும் காப்பாற்றிய கீறலை அந்த ஒரு விநாடியில் சேணத்தின்மேல் தேய்த்து, குதிகாலின் அதிர்ச்சியையும் அதன்மேல் ஏற்றுகிறார்கள். ஏறிய மேடைக்கே குதிரையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே இறங்குங்கள். குதிரைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.